ரூபாய் விழுந்தபோது நான் சிரித்தேன்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அமெரிக்காவிலிருந்து பேசியபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நீ தப்பாக ஒன்றும் பேசவும் இல்லை. "அம்மா, டாலர் தொண்ணூறத் தொட்டிருச்சுங்க. இன்னும் ஏறும்கறாங்க. இந்த மாசப் பணத்த ஒரு வாரம் பொறுத்து அனுப்பறேன், உங்களுக்குச் சேத்தி வரும்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் போனை வைத்தேன். ரூபாய் விழும்போது அப்படிச் சிரிக்க உன்னைப் பழக்கியது நான்தான். அதை எப்படிப் பழக்கினேன், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை. போனில் சொன்னால் நடுவில் "உடுங்கம்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் சொல்லாமலே போய்விடுவேன்.

அருள்புரத்தில் நம் பனியன் கம்பெனி இருந்த நாட்கள் உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். அப்பா துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களிடமும் பேங்கிலும் பேசுவார். உள்ளே மிஷின்களும் டெய்லர்களும் சனிக்கிழமைச் சம்பளமும் என் பொறுப்பு. நாம் ஒரு டீ-சர்ட்டுக்கு விலை பேசுவது டாலரில். துணி தைத்து, பெட்டி கட்டி, கப்பல் ஏற்றி, பணம் வர மூன்று நான்கு மாதம் ஆகும். அதற்குள் டாலர் ஏறியிருந்தால் அதே டீ-சர்ட்டுக்குக் கூடுதல் ரூபாய் வரும். இறங்கியிருந்தால் உழைத்ததெல்லாம் போய்விடும். அதனால் காலையில் எழுந்ததும் நம் வீட்டில் சாமி கும்பிடுவதற்கு முன்பே டி.வி. போடுவோம். கீழே ஓடும் வரியில் டாலர் எவ்வளவு என்று வரும். பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டே நீதான் படித்துச் சொல்வாய். "அம்மா, ஏறியிருக்குதுங்க!" என்று நீ கத்தினால் அன்றைக்குத் தோசையில் நெய் கூடுதலாக விழும். இறங்கியிருந்தால் அப்பா சாப்பிடாமலே கிளம்பிவிடுவார். ஒரு குழந்தைக்கு அதைவிட நன்றாக எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்?

ரூபாய் விழுவது நமக்கு நல்லது என்று நீ நம்பினாய். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அதே வாரம் மளிகைக் கடையில் பாமாயில் விலை ஏறும். அதுவும் கப்பலில்தான் வருகிறது, டாலர் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். பெட்ரோல் ஏறும், டீசல் ஏறும். டீசல் ஏறினால் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வரும் உருளைக்கிழங்குகூட ஏறும். நமக்கு அது உறைக்கவில்லை. விற்கிற இடத்தில் வருவது, வாங்குகிற இடத்தில் போவதைவிடப் பல மடங்கு இருந்தது. ரூபாயில் மட்டும் சம்பளம் வாங்கி, ரூபாயில் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு விற்கிற இடம் என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்டவர்கள் நம் கம்பெனிக்குள்ளேயே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி மல்லிகா.

மல்லிகாவை உனக்குத் தெரிந்திருக்கும். ஜன்னல் ஓரத்து ஓவர்லாக் மிஷினில் தைப்பாள், ஒல்லியாக, நெற்றியில் பெரிய பொட்டோடு. சிவகங்கைப் பக்கம். புருஷன் காதர்பேட்டையில் பனியன் மூட்டை தூக்குகிறவர். அவளுக்கு ஒரே பெண் குழந்தை, பவித்ரா. கம்பெனிக்கு வந்த புதிதில் குழந்தைக்கு இரண்டு வயது. மிஷினுக்குப் பக்கத்தில் துணி மூட்டை மேலேயே தூங்கும். நாற்பது மிஷினும் ஒன்றாக ஓடும்போதும் எழுந்திருக்காது. "என்ன சமத்தான புள்ள" என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன். அது சமத்து இல்லை, காது கேட்கவில்லை என்று தெரிய இன்னும் ஆறு மாதம் ஆனது. கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் கேட்கும் திறன் இருக்கிறது, இரண்டு காதுக்கும் நல்ல மெஷின் மாட்டினால் பேச்சு வந்துவிடும், ஆனால் சீக்கிரம் மாட்ட வேண்டும், பேச்சு பழகுகிற வயதைத் தவறவிடக் கூடாது என்றாராம்.

அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ரேஷன் கார்டு ஊரில் இருந்ததால் சிவகங்கைக்கே இரண்டு முறை போய் வந்தாள். கிடைத்த மெஷின் இந்தக் குழந்தையின் காதுக்குப் போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல மெஷின் வெளிநாட்டிலிருந்து வருவது. இரண்டு காதுக்கும் சேர்த்து நாற்பதாயிரம். மல்லிகா அதைக் கேட்டு மலைத்து உட்காரவில்லை. தினமும் ஒன்றரை ஷிப்ட் தைத்தாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு பங்கைத் தபால் ஆபீசில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். "தீபாவளிக்குள்ள வாங்கிப்புடுவேன்க்கா. அம்மான்னு கூப்பிட்டுரும்ல?" என்று என்னிடம் கேட்பாள். "கூப்புடும் கண்ணு, ஏன் கூப்புடாது" என்பேன்.

நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. நாற்பத்தைந்து ரூபாயை ஒட்டி நின்றுகொண்டிருந்த டாலர் சில மாதத்தில் ஐம்பதைத் தாண்டியது. அப்பா வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "புள்ள, நம்ம பெரிய ஆர்டர் பணம் இந்த வாரம் வருது. இந்த ரேட்டுக்கு வருது!" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் உன் பிறப்புக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. மறுநாள் பல்லடம் ரோட்டுக் கடையில் லட்டு வாங்கிவந்து கம்பெனியில் எல்லோருக்கும் என் கையாலேயே கொடுத்தேன்.

மல்லிகா மிஷினை நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டாள். "என்னக்கா விசேஷம்?"

"டாலர் ஏறியிருக்குது மல்லிகா. நமக்கெல்லாம் நல்ல காலம்."

அவள் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நமக்குமாக்கா?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை, கண்ணு. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் "பின்ன" என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவள் லீவு போட்டுவிட்டு, சேர்த்து முடித்த நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். மறுநாள் வந்து மிஷினில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் நானே கேட்டேன். விலை ஏறிவிட்டதாம். நாற்பத்தாறாயிரம். "பழைய சரக்கு தீந்துருச்சு, புதுசு இந்த வெலைக்குத்தான் எறங்குது, டாலர் ஏறிப்போச்சுல்லன்னு சொல்றாங்கக்கா. நான் டாலரப் பாத்தது கூட இல்ல. அது ஏறுனா எம்புள்ள காதுக்கு என்னக்கா வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். நமக்கு ஏறிய அதே டாலர்தான் அவளுக்கும் ஏறியிருந்தது. "பொறு மல்லிகா, எறங்கும்" என்று சொன்னேன். இறங்கக் கூடாது என்று காலையில்தான் விளக்குப் போட்டுக் கும்பிட்டிருந்தேன்.

அவளால் இன்னும் ஆறாயிரம் சேர்க்க முடியவில்லை. முன்பெல்லாம் வாராவாரம் மிஞ்சிய பணம் இப்போது எண்ணெயிலும் பஸ் டிக்கெட்டிலும் போனது. புருஷனுக்குக் கூலி ஏறவில்லை. ஒரு மாதம் கழித்து, எல்லோரும் போனபிறகு, வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, ஷிப்டுக்கு ஒரு பத்து ரூவா ஏத்திக் குடுங்கக்கா. எனக்கு மட்டும் கேக்கல. எல்லாருக்கும் இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கு. டாலர் ஏறி உங்களுக்கும் நல்லாத்தான இருக்கு?"

நான் சொன்ன பதிலைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று பதினைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "எங்க கண்ணு நிக்குது? டாலர் ஏறுதுன்னு பையர் வெலையக் கொறைக்கச் சொல்லிட்டானே" என்றேன். பொய். அப்போது எந்தப் பையரும் எங்களிடம் அப்படிக் கேட்கவில்லை. அப்பாவிடம்கூடக் கேட்காமல், வாயில் வந்த பொய். மல்லிகா அதை நம்பினாள். "அப்படியாக்கா, உங்களுக்கும் செரமந்தான்" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம்தான் உனக்கு லேப்டாப் வாங்கினோம். கடைக்காரர், "இன்னைக்கே எடுத்துக்கோங்க மேடம், அடுத்த லோடு வெலை ஏறி வருது" என்றார். நாற்பத்தைந்தாயிரம் கொடுத்து அன்றைக்கே எடுத்தோம். விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிட நம் கையில் பணம் இருந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து நீ முகர்ந்து பார்த்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில்தான் நீ படித்தாய், அதில்தான் முதல் வேலைக்கு விண்ணப்பம் போட்டாய். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, கண்ணு. ஆனால் விலையைக் கேட்டபோது மல்லிகாவின் நாற்பத்தாறு எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும், நான் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தேன்.

நான் சொன்ன பொய் இரண்டே மாதத்தில் உண்மையானது. ஆர்டர் வேலைகளைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் பையன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "மேடம், பையர் மெயில் போட்டிருக்கானுங்க. ரூவா இவ்ளோ உழுந்திருக்குது, அதுல எனக்குப் பங்கு குடு, பீசுக்கு இவ்ளோ கொறைன்னு கேக்கறானுங்க." கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று அப்பா குறைத்துக் கொடுத்தார். சாயத்துக்கு வெளியிலிருந்து வரும் கெமிக்கல் ஏறியது, மிஷின் ஊசி ஏறியது, கப்பல் வாடகை டாலரில் என்பதால் அதுவும் ஏறியது. ஆறு மாதத்தில் அந்த லாபம் எங்கே போனது என்று எங்களுக்கே தெரியவில்லை. பிறகு டாலர் இறங்கியபோது, குறைத்த விலையைப் பையர் திரும்ப ஏற்றித் தரவில்லை. ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்புள்ள, உழுந்தாலும் நமக்கில்ல, ஏறுனாலும் நமக்கில்ல. யாருக்குத்தான் இந்த ஆட்டம்?" என்று கேட்டார்.

மல்லிகா கடைசியில், சேர்த்ததும் வீட்டுச் செலவில் கரைந்ததுபோக மிஞ்சியதில், ஒரு காதுக்கு மட்டும், அதுவும் மட்டமான ரகத்தில், ஒரு மெஷின் வாங்கினாள். அப்போது பவித்ராவுக்கு ஐந்து வயதாகிவிட்டது. அடுத்த வருஷம் அது ரிப்பேர் ஆனது. உள்ளே போடும் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதன்பிறகு மெஷின் பீரோவில்தான் இருந்தது. ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள் என்று மல்லிகா வேறு கம்பெனிக்குப் போனாள். போகும்போது சண்டை எதுவும் போடவில்லை. "வரேன்க்கா" என்றாள். நான் கணக்கை முடித்து ஒரு ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். பெரிய மனசு என்று அவள் நினைத்திருப்பாள்.

அப்பா தவறிப்போனதும், ஆர்டர் குறைந்ததும், போன வருஷம் மிஷின்களை விற்றதும் உனக்குத் தெரியும். இப்போது நானும் மாதாமாதம் வருகிற பணத்தில் வாழ்கிறவள். நீ அனுப்புகிற டாலர் போன வருஷத்தைவிடக் கூடுதல் ரூபாயாகத்தான் வருகிறது. ஆனால் எண்ணெய், பருப்பு, என் சர்க்கரை மாத்திரை, ஊசி எல்லாம் சேர்ந்து அந்தக் கூடுதலை வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன. நீ ஒரு வாரம் பொறுத்து அனுப்பினால் வரும் லாபம், அந்த ஒரு வாரத்தில் இங்கே ஏதோ ஒரு கடையில் போகத்தான் போகிறது. எனக்காவது நீ இருக்கிறாய். டாலரில் சம்பாதிக்கும் பிள்ளை இல்லாதவர்கள் இந்தத் தெருவிலேயே எத்தனையோ பேர். அதனால் ரேட் பார்த்து அனுப்பாதே, கண்ணு. எப்போதும் அனுப்புகிற தேதியில் அனுப்பு. நீ பார்ப்பதாலோ பார்க்காததாலோ ரூபாய் நிற்கப்போவதில்லை. அதை நிறுத்த யாரால் முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை. நாம் அதைப் பார்த்துச் சிரிக்காமலாவது இருக்கலாம். இதற்குமேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

உன் போனை வைத்த மறுநாள் மல்லிகாவைத் தேடிப் போனேன். அருள்புரத்திலேயே, சந்துக்குள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருக்கிறாள். முடி நரைத்துவிட்டது, பொட்டு மட்டும் அதே அளவு. பவித்ராவுக்குப் பதினெட்டு வயது. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அம்மா வேலை செய்யும் கம்பெனியிலேயே துணியில் பிசிறு வெட்டுகிறாள். நம் ஊர்த் துணிக்கு அமெரிக்காவில் வரி போட்டதிலிருந்து அங்கே வாரத்தில் மூன்று நாள்தான் வேலையாம். அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. சில சத்தங்கள் வருகின்றன, அதில் எது என்ன என்று மல்லிகாவுக்கு மட்டும் புரிகிறது. உதட்டைப் பார்த்து, நாம் மெதுவாகப் பேசினால் பாதியைப் புரிந்துகொள்கிறாள்.

நான் போன காரியத்தைச் சொன்னேன். "இப்ப வாங்கிக் குடுத்தர்றேன் மல்லிகா. ரெண்டு காதுக்கும். நல்லதா."

"இப்ப எதுக்குக்கா?" என்றாள். நான் விடவில்லை. போன மாதங்களில் நீ அனுப்பியதில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து இருவரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன். உன்னைக் கேட்காமல் உன் பணத்தை எடுத்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காது மெஷின் விற்கும் இடத்தில், கண்ணாடி அறைக்குள் பவித்ராவை உட்காரவைத்து இரண்டு காதிலும் மாட்டினார்கள். விலை இப்போது லட்சத்துக்கு மேல். நான் பணப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்காதே. அந்தப் பெண் சிரிப்பாள், அம்மா என்பாள், எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். மெஷினை ஆன் செய்ததும் அவள் முகம் சுருங்கியது. தோளைக் குறுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினாள். மல்லிகா "பவி... பவி..." என்று கூப்பிடக் கூப்பிட மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தானே இரண்டையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டாள். இன்னொரு முறை முயன்றார்கள். அதே கதைதான்.

மெஷின் மாட்டிவிட்ட பெண் பொறுமையாகச் சொன்னார். "மூணு வயசுல மாட்டியிருந்தா வேறங்க. இப்ப சத்தம் கேக்கும், ஆனா பேச்சாப் புரியாது. இரைச்சலாத்தான் இருக்கும். பழகப் பழகக் கொஞ்சம் உபயோகப்படலாம், வண்டி வர்றது போறது தெரியும். வாங்கறதும் வேண்டாங்கறதும் உங்க இஷ்டங்க."

நான் கையில் வைத்திருந்த பணத்துக்கு அந்த மெஷின் கிடைக்கும். அந்த மெஷின் மூன்று வயதில் கொடுத்திருக்கக் கூடியது மட்டும் எந்தக் காசுக்கும், எந்த நாட்டுக் காசுக்கும், இனிக் கிடைக்காது. அன்றைக்கு அதன் விலை நாற்பத்தாறாயிரம். ஆறாயிரம்தான் குறைந்தது.

மல்லிகா தட்டை மெஷின் மாட்டியவரிடமே நகர்த்தினாள். "விடுங்கக்கா. அது இல்லாமயே பழகிருச்சு அவளுக்கு" என்றாள். திரும்பி வரும்போது காரில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பையர் விலை குறைக்கச் சொன்னது பொய் என்பதையும். மல்லிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவிநாசி தாண்டியது. பிறகு, "நெசமாவே அப்ப உங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம் மல்லிகா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

லைன் வீட்டு வாசலில் இறங்கியதும் பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிசிறு வெட்டும் கத்தரி பிடித்துத் தடித்துப்போன கை. "என்னைய மன்னிச்சிரு சாமி" என்றேன். சொல்லும்போது அழுகை வந்து முகத்தை மூடிக்கொண்டதால் அவளால் என் உதட்டைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன சொன்னேன் என்று மல்லிகாவிடம் சைகையில் கேட்டாள். மல்லிகா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பி, கையைத் தெருப்பக்கம் காட்டி ஆட்டினாள். போய் வருகிறேன் என்கிறார்கள், என்று அர்த்தம்.

அந்தப் பெண் எனக்குக் கை ஆட்டினாள். நானும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா